பழைய குத்துச்சண்டைப் பொருட்களைச் சேகரிப்பது எப்படி? நிறவெறி வரலாற்றோடு சேர்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. நியூ ஜெர்சியின் பாம்ப்டன் லேக்ஸ் பயிற்சி முகாமில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் கையில் துணி சுற்றியபடி உட்கார்ந்திருக்கிறார். 1930களில் பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட படம். முன்பக்கத்தில் தெரிவது அமைதியான ஓர் இளைஞர், அவ்வளவுதான். திருப்பினால் ஊதா மையில் செய்தி நிறுவனத்தின் முத்திரை, ஒரு தேதி முத்திரை, எந்த அளவுக்கு வெட்ட வேண்டும் என்று குறித்த சிவப்புப் பென்சில் கோடு, ஓரத்தில் ஒட்டிய பழுப்பேறிய துண்டுத் தாள். அதில் தட்டச்சு செய்த நான்கு வரிகள். அந்த நான்கு வரியில் அவருடைய ஊர் வருவதற்கு முன்பே நிறம் வந்துவிடுகிறது. அதே பெட்டியில் இருக்கும் வெள்ளை வீரர் ஒருவரின் படத்தைத் திருப்பினால் ஊர், எடை, அடுத்த சண்டையின் தேதி. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தத் துறையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எதை வாங்கினாலும் திருப்பிப் பாருங்கள். பழைய குத்துச்சண்டைப் பொருட்களில் பாதி வரலாறு பின்பக்கத்தில்தான் இருக்கிறது. யாருக்கு மேடை கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள், ஒரு மனிதனை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அங்கே அச்சாகிக் கிடக்கிறது.

முதல் படி: ஒரு இழையைத் தேர்ந்தெடுங்கள்

"பழைய பாக்ஸிங் சாமான்" என்று பொதுவாகத் தேட ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் பணமும் போகும், அலமாரியும் குப்பையாகும். ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதன் வழியே போங்கள். நிற வரலாற்றோடு சேர்ந்து வரும் இழைகள் நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஜாக் ஜான்சனின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அச்சு.

ஜான்சன் 1878ல் டெக்சஸ் மாநிலம் கால்வெஸ்டனில் பிறந்தவர். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் எல். சல்லிவன், கறுப்பின வீரர்களோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். அதனால் பீட்டர் ஜாக்சன் போன்ற ஒரு பெரிய வீரர் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே இல்லாமல் போனார். 1891ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்று ஆடியும் தோற்காதவர் அவர். அடுத்த ஆண்டு சல்லிவனோடு மோதிப் பட்டத்தை எடுத்தது கார்பெட். ஜாக்சனுக்குக் கதவு திறக்கவில்லை.

ஜான்சன் விடவில்லை. அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியா வரை போனார். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் சண்டை. பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000 டாலர். 14ஆம் சுற்றில் போலீஸ் நுழைந்து நிறுத்தியது. ஒரு கறுப்பின மனிதர் முதன்முறையாக உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அன்று மைதானத்தில் இருந்த எழுத்தாளர் ஜாக் லண்டன், ஓய்வுபெற்ற முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரிஸ் பண்ணையை விட்டு வெளியே வந்து ஜான்சனின் சிரிப்பை அழிக்க வேண்டும் என்று எழுதினார். ஜெஃப்ரிஸும் வந்தார். 1910 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள், நெவாடா மாநிலம் ரீனோ. 15ஆம் சுற்றில் ஜெஃப்ரிஸ் விழுந்தார். அன்று இரவே நாட்டின் பல ஊர்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கின, பலர் உயிரிழந்தனர். சண்டைப் படத்தைத் திரையிட ஊர் ஊராகத் தடை போட்டார்கள். 1912ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதையே குற்றமாக்கி மத்திய சட்டம் வந்தது. அது நீங்க 1940 ஆகிவிட்டது.

அப்புறம் ஜான்சன் மீது வழக்கு. வெள்ளைப் பெண்களோடு அவர் வாழ்ந்ததுதான் உண்மையான கோபம், சட்டத்தின் பெயர் வேறு. 1913ல் தண்டனை, நாட்டை விட்டு ஓட்டம், 1915ல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் 26ஆம் சுற்றில் தோல்வி, 1920ல் திரும்பி வந்து சிறை. 2018ல்தான் மன்னிப்பு ஆணை வந்தது, அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு. ஜான்சன் தோற்ற 1915 முதல் ஜோ லூயிஸ் வென்ற 1937 வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரரும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத அனுமதிக்கப்படவில்லை.

இந்தக் கதை தெரிந்தபின் ரீனோ தபால் அட்டை ஒன்றைக் கையில் எடுங்கள், எடை மாறியிருக்கும்.

வேறு இழைகளும் சொல்கிறேன். ஒன்று, பட்டம் மறுக்கப்பட்டவர்கள்: சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனெட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ். வாய்ப்புக் கிடைக்காததால் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதி, "கறுப்பினத்தவருக்கான ஹெவிவெயிட் பட்டம்" என்று தனியாக ஒன்றை ஆடினார்கள். ஜான்சனே சாம்பியன் ஆனபின் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் குறித்து வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் 1913 வாக்கில் "வெள்ளை ஹெவிவெயிட் சாம்பியன்" என்றும் ஒரு பட்டத்தைக் கிளப்பினார்கள். அந்தப் பெயர் அச்சான அட்டையும் படமும் சந்தைக்கு வருகின்றன.

இன்னொன்று பிரிட்டன். அங்கே பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோத வேண்டுமானால் பெற்றோர் இருவரும் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். மான்செஸ்டரின் லென் ஜான்சன் 1920களில் முன்னணி வீரர்களை வென்றும் அந்த விதியால் பட்டத்தின் பக்கமே போக முடியவில்லை. விதி போனபின், 1948 ஜூன் 28 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் டிக் டர்பின் வின்ஸ் ஹாக்கின்ஸை வென்று முதல் கறுப்பின பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பிரிட்டிஷ் நிகழ்ச்சிப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அமெரிக்கப் பொருட்களைவிடப் பெரும்பாலும் மலிவு. புதிதாக ஆரம்பிப்பவருக்கு நல்ல இடம்.

இரண்டாம் படி: சிகரெட் அட்டைகளிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் அட்டையில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது சரியான வழியும்கூட. அளவு சிறியது, போலியைக் கண்டுபிடிக்க வழிகள் தெளிவு, தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்கள் இருக்கின்றன.

முதலில் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் 1939ல் வெளியிட்ட பட்டியலை வைத்துத்தான் இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். 'என்' என்றால் 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'டி' என்றால் 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'இ' என்றால் பழைய மிட்டாய் அட்டை. பர்டிக் தன் முழுச் சேகரிப்பையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

குத்துச்சண்டையில் முக்கியமான பழைய தொகுதி டி218. 1910, 1911 வாக்கில் மெக்கா, ஹாசன், டால்ஸ்டாய் சிகரெட் பெட்டிகளில் வந்தது. பளிச்சென்ற கல்லச்சு வண்ணம், பின்னால் வீரரைப் பற்றிய குறிப்பு. ஜாக் ஜான்சன் இதில் இருக்கிறார், லாங்ஃபோர்டும் இருக்கிறார். பின்பக்கத்தில் டால்ஸ்டாய் பெயர் இருந்தால் அபூர்வம், விலையும் அதற்கேற்ப ஏறும்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதே ஆண்டுகளில் அதே புகையிலைக் கம்பெனி பேஸ்பால் அட்டைகளும் போட்டது, டி206 என்ற புகழ்பெற்ற தொகுதி. 500க்கு மேற்பட்ட அட்டைகள். அதில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது, ஏனென்றால் பெரிய லீக்குகளில் அவர்களை விளையாடவே விடவில்லை. ஜாக்கி ராபின்சன் வர 1947 ஆனது. ஆக, 1910ல் ஒரு அமெரிக்கச் சிறுவன் அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பின விளையாட்டு வீரனின் வண்ணப் படத்தை எடுத்திருந்தால், அது குத்துச்சண்டை வீரனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் டி218 ஜான்சனையும் ஒரு மலிவான டி206 அட்டையையும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்த இரண்டைக் காட்டினாலே பாதி விளக்கம் முடிந்துவிடும்.

மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த அட்டையை வாங்கத் தயங்க வேண்டாம். பத்துக்கு இத்தனை என்று போடும் கணக்கில், தரம் 1 அல்லது 2 என்று மதிப்பிடப்பட்ட ஜான்சன் அட்டைக்கும் தரம் 7க்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். படமும் எழுத்தும் ஒன்றுதான். தவிர்க்க வேண்டியது ஓரம் வெட்டிய அட்டை, மேலே வண்ணம் பூசித் திருத்திய அட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டிய ஓரம் மற்ற ஓரங்களைவிடக் கூர்மையாக, வெளுப்பாகத் தெரியும்.

அடுத்த காலத்துக்கு 1948ன் லீஃப் தொகுதியும் 96 அட்டைகள் கொண்ட 1951 டாப்ஸ் ரிங்சைடு தொகுதியும் போதும். லூயிஸ், ஷுகர் ரே ராபின்சன் எல்லாம் சமாளிக்கக்கூடிய விலையில் கிடைப்பார்கள்.

மூன்றாம் படி: தபால் அட்டை, பத்திரிகைப் படம், இவற்றின் வயதைக் கண்டுபிடிப்பது

எனக்கு மிகப் பெரிய அடி விழுந்தது இங்கேதான். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ரீனோ சண்டையின் அசல் தபால் அட்டை என்று வாங்கினேன். பழுப்பு நிறம், மடங்கிய மூலை, எல்லாம் பொருத்தமாக இருந்தது. புற ஊதா விளக்கின் கீழே வைத்தவுடன் நீலமாக ஒளிர்ந்தது. தேநீர்ச் சாயம் ஏற்றிய புதுத் தாள். பணம் திரும்பி வரவில்லை. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க.

காரணம் எளிது. தாளை வெண்மையாக்க ஒளிரும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்துக்குப் பிறகே பரவியது. 1910 தாள் புற ஊதா ஒளியில் மங்கலாகவே இருக்கும். நம்மூர் எலக்ட்ரிக் கடையில் ரூபாய் நோட்டுச் சோதிக்கிற சின்ன விளக்கு கிடைக்கும், அதுவே போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒளிர்ந்தால் போலி என்று சொல்லலாம். ஒளிராவிட்டால் அசல் என்று சொல்லிவிட முடியாது. பழைய வெற்றுத் தாளைத் தேடிப் பிடித்து அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான ஃபோட்டோவில் நிழல் வழவழப்பாக, புள்ளியே இல்லாமல் இறங்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. அச்சு என்பதாலேயே போலி ஆகிவிடாது, அந்தக் காலத்திலேயே அச்சடித்த தபால் அட்டைகளும் ஏராளம். ஃபோட்டோ என்று சொல்லி அச்சை விற்கிறாரா என்பதுதான் கேள்வி.

தபால் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் முகவரிக்கு ஒரு பாதி, செய்திக்கு ஒரு பாதி என்று பிரித்த பின்பக்கம் 1907 மார்ச்சிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய சண்டை என்று சொல்லி, பிரித்த பின்பக்கத்தோடு ஒருவர் விற்றால், அட்டை பிற்காலத்தில் போட்டது. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ஃபோட்டோத் தாளின் பெயர் இருக்கும். 'ஏஸோ' என்ற தாளில் நான்கு மூலையிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918க்குப் பிறகு. மூலையில் சதுரம் என்றால் 1920களின் பாதிக்கு மேல். ரீனோ அட்டையில் சதுரம் கண்டால் அது மறுபதிப்பு, அவ்வளவுதான்.

பத்திரிகைப் படங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 'ஆக்மி' என்ற செய்திப்பட நிறுவனம் 1952ல் யுனைடெட் பிரஸ்ஸோடு சேர்ந்துவிட்டது. 1958ல் அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக யு.பி.ஐ., ஆனது. 1938 லூயிஸ் படத்தின் பின்னால் யு.பி.ஐ. முத்திரை மட்டும் இருந்தால், நெகட்டிவ் பழையதாக இருக்கலாம், தாளில் எடுத்தது 1958க்குப் பிறகு. நெகட்டிவ் எடுத்த இரண்டு ஆண்டுக்குள் தாளில் எடுத்த படத்தை 'டைப் 1' என்பார்கள், அதற்குத்தான் விலை. 1910 காலத்துப் படங்கள் பல, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) உள்ள பெய்ன் என்ற செய்திப்படத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்கிப் புதிதாகப் பிரிண்ட் போட்டு விற்கிறவர்கள் நிறைய, அதனால் ஜான்சன் படத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

பின்னால் ஒட்டிய தலைப்புத் தாளை எக்காரணம் கொண்டும் பிய்க்காதீர்கள். மடங்கி உடைகிறது என்றால் உறைக்குள் அப்படியே தட்டையாக விடுங்கள். ஜோ லூயிஸின் மேலாளர்கள் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் போட்டிருந்தார்கள்: வெள்ளைப் பெண்ணோடு தனியாகப் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, விழுந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஜான்சனுக்கு நேர்ந்தது மறுபடி நேரக் கூடாது என்ற பயம். தர்ப்பூசணி சாப்பிடுவதுபோல் நிற்கச் சொன்ன படக்காரர்களிடம், எனக்குத் தர்ப்பூசணி பிடிக்காது என்று மறுத்தாராம் லூயிஸ். உண்மையில் அவருக்கு அது பிடிக்கும். கறுப்பின மக்களைக் கேலி செய்ய அந்தப் பழத்தைத்தான் பயன்படுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்தபின் அவருடைய முகம் பல படங்களில் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று புரியும்.

நான்காம் படி: செய்தித்தாளை இரண்டிரண்டாக வாங்குங்கள்

பழைய செய்தித்தாள் ஒப்பீட்டில் மலிவு, ஆனால் மற்ற எதையும்விட அதிகம் பேசும். நான் சொல்லும் முறை: ஒரு சண்டைக்கு இரண்டு தாள். ஒன்று வெள்ளையர் நடத்திய பெரிய நாளிதழ், இன்னொன்று கறுப்பினத்தவர் நடத்திய வார இதழ். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோரின் ஆஃப்ரோ அமெரிக்கன், இவைதான் தேட வேண்டிய பெயர்கள். ரீனோ முடிந்த இரண்டாம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், கறுப்பின வாசகரைப் பார்த்து, தலை கனக்க வேண்டாம், உன் நிலை ஒன்றும் மாறிவிடவில்லை என்ற பொருளில் தலையங்கம் எழுதியது. அதே வாரத்துக் கறுப்பின இதழ் ஒன்றை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரே சண்டை, இரண்டு நாடுகள்.

கறுப்பின இதழ்களின் அசல் பிரதிகள் கிடைப்பது கடினம். நூலகங்கள் அவற்றைச் சரியாகச் சேமிக்கவில்லை, வீடுகளில் படித்துப் படித்துக் கிழிந்துபோயின. கிடைத்தால் ஒரு பக்கமே ஆனாலும் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட், நிகழ்ச்சிப் புத்தகம், போஸ்டர்

டிக்கெட்டில் வழக்கமாக முழு டிக்கெட் விலை கூடுதல், கிழித்தது குறைவு. ஆனால் சண்டைக்குச் சண்டை மாறும். 1964 பிப்ரவரி 25 மயாமி பீச்சில் கேஷியஸ் கிளே (பின்னாளின் முகமது அலி), சானி லிஸ்டனை வென்ற சண்டைக்கு அரங்கம் பாதி காலி. விற்காத டிக்கெட் முழுதாகவே தங்கிவிட்டது. அதனால் வாசலில் கிழித்து உள்ளே போனவரின் பாதி டிக்கெட்டுக்குத் தனி மதிப்பு. அரங்கம் காலியானதற்கு ஒரு காரணம், கிளே, கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸோடு பழகுகிறார் என்ற செய்தி பரவியது. அவர்களுடைய இரண்டாம் சண்டை 1964 நவம்பரில் பாஸ்டனில் நடப்பதாக இருந்தது. கிளே அதற்குள் முகமது அலி ஆகிவிட்டார், குடலிறக்க அறுவை சிகிச்சையால் சண்டை தள்ளிப்போனது. அடுத்த மே மாதம் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூரில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் முன்னால் நடந்தது. நடக்காத பாஸ்டன் சண்டையின் டிக்கெட் இன்றும் சந்தைக்கு வருகிறது.

அலியின் பொருட்களில் நான் முதலில் பார்ப்பது எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைத்தான். புதுப் பெயர் அறிவிக்கப்பட்ட 1964 மார்ச் 6க்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் போஸ்டர்களும் நாளிதழ்களும் கிளே என்றே போட்டன. அவர் அடிமைப் பெயர் என்று தூக்கி எறிந்ததை, பிடிவாதமாக அவர் மேல் மறுபடி ஒட்டினார்கள். 1967 பிப்ரவரியில் எர்னி டெரல் அவரைக் கிளே என்று அழைத்ததற்கு, என் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அந்தக் காலப் போஸ்டர்களைத் தேதி வரிசையில் அடுக்கினால், பெயர் எங்கே மாறுகிறது, எந்த ஊரில் மாறவே இல்லை என்று தெரியும்.

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்ததும் பட்டம் பறிபோனது. மூன்றரை ஆண்டு சண்டை இல்லை. அந்தக் காலத்தில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். மாணவர் சங்கங்கள் அச்சடித்த ஒற்றைத் தாள் அறிவிப்புகளைத் தேடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் அதிகம் கண்டுகொள்ளாத பொருள், நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும் விலை.

போஸ்டரில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சண்டை நடந்த ஊரில் ஒட்டியது வேறு, தியேட்டர்களில் நேரலையாகத் திரையிட்டபோது ஒட்டியது வேறு. முதலாவது அபூர்வம். 1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டை முதலில் செப்டம்பரில் நடக்க இருந்தது. பயிற்சியில் ஃபோர்மனின் கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்து அக்டோபர் 30க்குப் போனது. ஆகவே செப்டம்பர் தேதி போட்ட போஸ்டரைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜோ லூயிஸுக்கு ஒரே ஒரு போஸ்டர் வாங்க முடியும் என்றால் 1942ன் அரசுப் போஸ்டரை வாங்குங்கள். ராணுவ உடை, தலைக்கவசம், துப்பாக்கி முனையில் கத்தி, பாய்கிற தோரணை. கடவுளின் பக்கம் நாம் நிற்பதால் வெல்வோம் என்று அவர் பேசிய வாசகம் அதில் இருக்கிறது. அந்தப் போஸ்டர் ஒட்டப்பட்டபோது அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் படை, தனி முகாம். கடற்படையோ அவர்களைப் பெரும்பாலும் சமையல், பரிமாறல் வேலைக்குத்தான் எடுத்தது. அதே கடற்படையின் நிவாரண நிதிக்கு 1942 ஜனவரியில் லூயிஸ் ஒரு சண்டையில் தனக்குக் கிடைத்த வருமானத்தைக் கொடுத்தார்.

ஆறாம் படி: கையெழுத்தில் அவசரம் வேண்டாம்

போலி அதிகம் புழங்குவது கையெழுத்தில்தான். 1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் வண்டி வண்டியாகப் போலிக் கையெழுத்துகள் பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அதில் இருந்தது. பெயர்பெற்ற நிறுவனங்களின் சான்று இல்லாமல் விலையுள்ள கையெழுத்தை வாங்காதீர்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் கடைசியில். ஜான்சன் 1946 ஜூன் 10 அன்று கார் விபத்தில் இறந்தார். பால்பாயிண்டில் ஜான்சன் கையெழுத்து என்றால் அந்தச் சில மாத இடைவெளிக்குள் போட்டதாக இருக்க வேண்டும், சந்தேகப்படுங்கள். கடைசிக் காலத்தில் அவர் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். உலக சாம்பியன். அந்தக் காலத்தில் போட்ட மைப் பேனாக் கையெழுத்துகள் அவ்வப்போது சந்தைக்கு வரும்.

சானி லிஸ்டனுக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. பகிர்ந்து பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் பெரும் கூட்டத்தில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் எட்டவில்லை. அவர் பெயரில் புழங்கும் பல கையெழுத்துகள் மனைவி ஜெரல்டின் போட்டவை. அழகாக, சீராக இருந்தால் அவருடையது இல்லை.

அலி எளிதில் கிடைப்பார். இஸ்லாம் பற்றிய சிறு பிரசுரங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, சந்திக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1984ல் பார்கின்சன் நோய் என்று தெரிந்தது. அதன்பின் எழுத்து சுருங்கி, நடுங்கி, மெதுவாகிக்கொண்டே போகும். 1990களின் பிரசுரத்தில் 1960களின் துள்ளலான எழுத்து இருந்தால் வாங்காதீர்கள்.

ஏழாம் படி: கேவலப்படுத்தும் பொருட்கள் வந்தால்

இந்தப் பாதையில் வெகுநாள் போனால் கண்டிப்பாக எதிரே வரும். ஜான்சனைக் குரங்குபோல் வரைந்த தபால் அட்டை, லாங்ஃபோர்டை இழிவான பட்டப்பெயரில் குறிக்கும் போஸ்டர், கறுப்பின மக்களைக் கேலிப் பொம்மையாக்கிய விளம்பரம். சிலர் தொடவே மாட்டார்கள், அதுவும் நியாயம். என் முடிவு இது: ஒரு காலத்தின் வெறுப்பை நிரூபிக்கும் அசலாக இருந்தால் சிலவற்றை வைத்திருக்கலாம், சுவரில் மாட்டக் கூடாது. தனி உறையில், இது எந்தச் சண்டைக்குப் பிறகு எதற்காக அச்சடிக்கப்பட்டது என்ற குறிப்போடு வைக்க வேண்டும். புதிதாக அச்சடித்த நகல்களுக்கு ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள், நீங்கள் கொடுக்கும் காசுதான் அடுத்த நகலை அச்சடிக்கும். மிச்சிகனில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க நிறப் பிரிவினைச் சட்டங்களின் பெயரைத் தாங்கிய ஜிம் க்ரோ அருங்காட்சியகம் இப்படிப்பட்ட பொருட்களை வைத்தே சகிப்பின்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறது. அவர்கள் பொருளுக்குப் பக்கத்தில் எப்படிக் குறிப்பு எழுதுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்துவிட்டு உங்கள் குறிப்பை எழுதுங்கள்.

ஒரு கறுப்பினக் குடும்பத்திடமிருந்து நேரடியாக வாங்கும் வாய்ப்பு வந்தால், சந்தை விலையை மறைக்காமல் சொல்லி வாங்குங்கள். ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுங்கள். தாத்தாவின் படத்தோடு அவர்கள் சொல்லும் கதையையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கதை இல்லாமல் படம் பாதிதான்.

எட்டாம் படி: வாங்குவது, கொண்டுவருவது, காப்பது

ஏலத்தில் கத்தியதுதான் விலை என்று நினைக்காதீர்கள். வாங்குபவர் கட்டணம் 20 சதவீதமோ அதற்கு மேலோ சேரும், அனுப்பும் செலவு சேரும், இங்கே வந்தபின் சுங்க வரி சேரும். எல்லாம் கூட்டிப் பார்த்து, உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஏலத்துக்கு உட்காருங்கள். மேல்மட்டம் எங்கே என்று தெரிந்துகொள்ள: கிளே முதல் லிஸ்டன் சண்டையில் போட்ட கையுறைகள் 2014ல் 8,36,500 டாலருக்குப் போயின. கின்ஷாசாவில் வென்ற பெல்ட் 2022ல் 61 லட்சத்து 80 ஆயிரம் டாலர். நாம் போக வேண்டிய இடம் அது இல்லை, நம்முடையது சில பத்து டாலர் முதல் சில நூறு டாலர் வரை.

சேமிப்பில் நம்மூர்ப் பழக்கம் ஒன்று உண்டு, முக்கியமான தாள் என்றால் உடனே லேமினேட் செய்வது. தயவுசெய்து வேண்டாம். சூடும் பசையும் பட்ட பொருளை யாராலும் திரும்ப மீட்க முடியாது. பாலியஸ்டர் உறை வாங்குங்கள், அமிலமில்லாத அட்டையை முதுகுக்குக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய பி.வி.சி. ஆல்பம் நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். சென்னை போன்ற ஊரில் ஈரப்பதம்தான் எமன், அடுத்து ராமபாணப் பூச்சி. இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நடுத்தட்டில் சிலிகா ஜெல் பைகளோடு வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பையை மாற்றுங்கள். நாப்தலீன் உருண்டை பக்கத்திலேயே வேண்டாம். பழைய பழுப்பேறிய செய்தித்தாளைப் படங்களோடு சேர்த்து வைத்தால் தாளின் அமிலம் படத்துக்கு ஏறும், தனி உறை போடுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சோதனை செய்தீர்கள். பின்பக்க வரிகளை அப்படியே எழுத்துக்கு எழுத்து நகல் எடுங்கள், கசப்பான சொல்லாக இருந்தாலும் மாற்றாதீர்கள்.

கடைசியாக, நம் வீட்டுப் பரணிலும் தேடச் சொல்கிறேன். 1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார், முதல்வர் எம்.ஜி.ஆர். உடனிருந்தார். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அதிபர் கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச அவரைத் தூதராக அனுப்பினார். தான்சானியாவில் இறங்கியதும் கேள்விகள் காத்திருந்தன: தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து 1976 ஒலிம்பிக்கை நாங்கள் புறக்கணித்தபோது உங்கள் நாடு எங்கே போயிற்று? அலியிடம் அதற்குப் பதில் இல்லை, அந்தக் கேள்விகளின் நியாயத்தை அவரும் உணர்ந்தார்.

ஆக, அந்தச் சென்னை மாலையின் டிக்கெட், நுழைவுச் சீட்டு, சுவரொட்டி, தமிழ் நாளிதழின் பக்கம், எதுவாக இருந்தாலும் இந்தச் சேகரிப்பில் அதற்கு இடமுண்டு. அன்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். அப்பாவையும் மாமாவையும் சித்தப்பாவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள், எதையும் ஈரத் துணியால் துடைக்க விடாதீர்கள்.